இலிப்பிட்டு சேரின் குளிர்த் தயிர்

யோகேஸ்வரன் மாஸ்டரோடு ஒருமுறை ஹட்டன் பஸ்ஸில் வந்தவர்கள், மறுமுறை அவர் ஏறுவதைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் சாய்ந்துவிடுவார்கள். கெட்ட மனிதர் அல்ல. அரசியல் பேசமாட்டார், சீட்டுக்குச் சண்டை போடமாட்டார். ஆட்கள் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்தால் மட்டும் அவரால் சும்மா இருக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, இப்படித்தாங்க பக்டீரியாவோட தோல்ல இலிப்பிட்டு நிக்கும்" என்று தொடங்கினால் நோர்வூட் தாண்டியும் ஓயமாட்டார். இலிப்பிட்டு என்றால் கொழுப்புத்தானே என்று தெரியாமல் யாராவது கேட்டுவிட்டால் மஸ்கெலியா வரைக்கும் தொடரும்.

மஸ்கெலியாவுக்கு மேலே, தேயிலை மலைக்கு நடுவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறார். பாடநூலில் கலத்தின் தோலான கலமென்சவ்வுக்குச் சில பக்கங்கள்தான். மாஸ்டர் அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொள்வார். இதயம், சிறுநீரகம் எல்லாம் பிள்ளைகள் ஹட்டனில் டியூஷனுக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். 'இலிப்பிட்டு சேர்' என்ற பெயர் அப்படி வந்தது. அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

ஆனால் சொல்லும்போது நன்றாகத்தான் சொல்வார்.

"ஒரு இலிப்பிட்டுக்கு ஒரு தலை, ரெண்டு வால். தலைக்குத் தண்ணின்னா உசுரு. வாலுக்குத் தண்ணி ஆகவே ஆகாது. இப்ப இவங்க எப்படிக் குடியிருப்பாங்க? முதுகோட முதுகு ஒட்டிக் கட்டின ரெட்டை லயத்து வீடுகள நெனச்சுக்கங்க. ஒரு வரிசைக்கு வாசல் இந்தப் பக்கம், அடுத்த வரிசைக்கு வாசல் அந்தப் பக்கம். ரெண்டு பக்கமும் பீலியில தண்ணி ஓடுது. வாசல்ல தலை. நடுவுல, சுவர் ஒட்டுற எடத்துல, வாலெல்லாம் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்குது. அந்த நடுப்பகுதிக்குள்ள தண்ணி லேசுல போகாது."

"எங்க லயத்துல மழைக்கு ஒழுகுதே, சேர்" என்று தனுஷிகா என்ற மாணவி எழுந்து கேட்பாள்.

"அது தோட்ட நிர்வாகத்தோட பிரச்சினை. பக்டீரியா தன் வீட்டைத் தானே பழுது பாத்துக்கும். உக்காரு."

நாலு வால் உள்ள பெரிய இலிப்பிட்டுகளும் உண்டு. அவை பக்டீரியாவின் இரண்டு முனைகளில், வளைவான இடமாகப் பார்த்துக் கூடிக்கொள்ளும். இதை அவர் லயத்தின் கடைசி வீட்டோடு ஒப்பிட, கடைசி வீட்டில் குடியிருந்த பிள்ளைகளுக்கு அன்றிலிருந்து 'நாலு வால்' என்று பெயர். பெற்றோரில் ஒருவர் வந்து அதிபரிடம் முறைப்பாடு செய்தார். மாஸ்டர் அவரையும் உட்காரவைத்து விளக்கினார். அவர் பிறகு வரவில்லை.

ஒருமுறை கண்காட்சிக்கு மென்சவ்வின் மாதிரி ஒன்று செய்தார். பால் டொபி தலைகள், ஈர்க்கு வால்கள், இரண்டு வரிசை. காலையில் போய்ப் பார்த்தால் கீழ்வரிசையின் தலைகளை எறும்பு தின்றிருந்தது. நடுவர்கள் வந்து நின்றார்கள். மாஸ்டர் சற்றும் கலங்காமல், "உள்வரிசையும் வெளிவரிசையும் ஒரே மாதிரி இருக்காது, அதைத்தான் காட்டியிருக்கேன்" என்றார். அவர் சொன்னது உண்மைதான், எறும்புக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆறுதல் பரிசு கிடைத்தது. அந்தக் கதையை மட்டும் அவர் முன்னால் யாரும் சொல்லக்கூடாது. முகம் சுருங்கிவிடும். ஊர் சிரித்தால் தாங்கமாட்டார்.

இது எல்லாரையும்விட அவர் மனைவி வினோதாவுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் சட்டை தைப்பவள். பேச்சிலும் வெட்டு நேராக விழும்.

மார்கழிக் குளிரில் அவர்கள் வீட்டில் தயிர் உறைவது நின்றுபோனது. சரிபுதீன் நானா கடையில் யோகட் கப் வாங்கி அதில்தான் உறை ஊற்றினாள். காலையில் பால் பாலாகவே இருந்தது. நாலாவது தடவையும் அப்படியே ஆனதும் சட்டியைக் கொண்டுவந்து மாஸ்டர் முன்னால் வைத்தாள்.

"பாருங்க. அடுப்போரமா வச்சாத்தான் சரி."

"ஒன் மேல தப்பில்ல வினோதா. அவங்க கொழும்புப் பக்கத்து ஆளுங்க."

"யாரு?"

"யோகட்ல இருக்கிற பக்டீரியா. குளிர் கண்டு தோல் வெறச்சுப் போயிட்டாங்க." எழுந்து போய் இரண்டு போத்தல்களைக் கொண்டுவந்தார். தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து போத்தலோடு ஒட்டியிருந்தது. நல்லெண்ணெய் ஆடிக்கொண்டிருந்தது. "தேங்காயெண்ணெய்க்கு வாலெல்லாம் நேரு. அடுக்கி வச்ச மாதிரி ஒட்டிக்கும். நல்லெண்ணெய்க்கு வாலுல வளைவு நெறைய. ஒட்ட ஏலாது. பஸ்ல வெறுங்கையோட நிக்கிறவங்க ஒட்டி நிப்பாங்க, கொழுந்துக் கூடையோட ஏறினா எடம் விட்டுத்தானே ஆகணும்? குளிருக்குப் போன பக்டீரியா நேர்வாலைக் கொறச்சு, வளைஞ்ச வாலை சேத்துக்கும். அப்பத்தான் தோல் இளக்கமா இருக்கும், உசுரோட இருக்கலாம்."

"சரிங்க. தயிரு?"

"பழக்கணும். ஒவ்வொரு சட்டியில இருந்தும் அடுத்த சட்டிக்கு உறை எடுத்து, குளிர்லயே வளத்துக்கிட்டு வந்தா, அடுப்பே இல்லாம உறையிற தயிர் வரும். மலைநாட்டுத் தயிர்!"

"அடுப்போரம் வச்சா மத்தியானம் உறைஞ்சிரும்ங்க."

"அது சொகுசு. சொகுசு காட்டுனா எந்த பக்டீரியா வாலை வளைக்கும்?"

அன்றிலிருந்து பாற்சட்டி சமையலறை ஜன்னலுக்குக் குடிபோனது. மாஸ்டர் காலையில் உறை ஊற்றி, பக்கத்தில் வெப்பமானியைச் சாத்தி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவார். பின்னேரம் வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சட்டியைச் சாய்த்துப் பார்ப்பார். பால் ஆடும். "இன்னும் வால் வளையல" என்பார். அந்தப் புளித்த பாலைச் சோற்றில் ஊற்றி, மூச்சுப் பிடித்துச் சாப்பிடுவார். நாளாக ஆகப் பேச்சுக் குறைந்தது. ஒருநாள் பஸ்ஸில் இலிப்பிட்டுப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வந்தார் என்று பக்கத்து வீட்டு மீனம்மா வந்து கவலையோடு விசாரித்தாள். "சேருக்கு மேலுக்கு முடியலையா?"

அதற்கு மறுநாள் காலை, அவர் படலையைத் தாண்டியதும் வினோதா சட்டியை ஜன்னலிலிருந்து எடுத்தாள். அடுப்போரம் வைத்து, அவள் அம்மா கொழுந்துக்குப் போகும்போது போட்ட பழைய கம்பிளியால் கழுத்து வரைக்கும் சுற்றினாள். இரக்கம் என்று சொல்ல முடியாது. புளித்த பால் வாசம் வீட்டில் தாங்க முடியவில்லை. அவர் வருவதற்கு முன் சட்டி ஜன்னலுக்குத் திரும்பி ஆறிப்போயிருந்தது.

மாஸ்டர் சட்டியைச் சாய்த்தார். ஆடவில்லை. இன்னும் சாய்த்தார். கரண்டியால் ஒரு வெட்டு வெட்டி எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தார். விழவில்லை.

"வினோதா! வளைச்சுட்டாங்க!"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சிரித்தார். அந்த மனிதர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளைக்கும் சட்டி அடுப்போரம் போயிற்று.

பொங்கலுக்குள் விஷயம் மஸ்கெலியா பஸார் முழுக்கப் பரவியது. அடுப்பு வேண்டாம், ஜன்னலில் வைத்தால் போதும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? டம்ளரைத் தூக்கிக்கொண்டு உறைக்கு ஆட்கள் வந்தார்கள். "சேர் வீட்டுத் தயிர் கத்தியால வெட்டலாம் போல இருக்கு அக்கா" என்று கேட்கும்போது வினோதாவுக்கும் மனம் குளிர்ந்துதான் போயிற்று. "எல்லாம் அவரு செய்யிறது" என்று சொல்லிவிட்டு ஆடை கலையாமல் எடுத்து ஊற்றுவாள்.

ஜன்னலில் உறையாதவர்கள் தங்கள் கைப்பிழை என்று நினைத்துச் சத்தமில்லாமல் அடுப்போரம் வைத்துக்கொண்டார்கள். சரிபுதீன் நானா மட்டும் உறையைக் கொண்டுபோன மறுநாளே சட்டியோடு திரும்பி வந்தார்.

"என்ன சேர் இது, தண்ணியாத்தானே ஈக்கி?"

மாஸ்டர் யோசித்தார். "எங்க வச்சீங்க?"

"கடையில, பிரிட்ஜுக்குப் பின்னால ஈக்கிற ஜன்னல்ல."

"அதான்! பிரிட்ஜோட முதுகு சூடு. குளிருக்குப் பழகினவங்களக் கொண்டுபோய் சூட்டுல வச்சிருக்கீங்க. குழம்பிட்டாங்க."

நானா வினோதாவைப் பார்த்தார். வினோதா ஊசியில் நூல் கோத்தாள். கோத்திருந்த நூலை உருவிவிட்டு மறுபடியும் கோத்தாள்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் அதிபர் நாகலெட்சுமி மேடத்தின் காதுக்கும் விஷயம் போயிற்று. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான தினம். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து பாட ஆலோசகர் வருகிறார். பெற்றோரும் வருவார்கள். "சேர், நீங்க காலையில எல்லாருக்கும் முன்னால ஆய்வுகூடத்துல உறை ஊத்துங்க. கூட்டம் முடியும்போது சட்டியத் திறந்து காட்டுங்க" என்றார் மேடம்.

மாஸ்டர் அதை வீட்டில் வந்து சொன்னபோது வினோதா தைத்துக்கொண்டிருந்த கை இரண்டு அங்குலம் தப்பான இடத்தில் ஓடியது.

"ஆய்வுகூடத்துல அடுப்பு இருக்குங்களா?" என்றாள்.

"எதுக்கு அடுப்பு?"

"சும்மா கேட்டேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருக்க அவர் மூடியைத் திறப்பார். உள்ளே பால் ஆடும். டொபிக் கதையையே தாங்காதவர் இதற்குப் பிறகு பஸ்ஸில் எப்படி ஏறுவார்? அன்றைக்கும் சொல்லப் பார்த்தாள். "என்னாங்க, அந்தத் தயிரு..." என்றதும் அவர் தயிரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை மாஸ்டர் படலை தாண்டி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய்விட்டு, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய வெப்பமானியை மறந்தது நினைவு வந்து திரும்பினார். ஜன்னலில் வெப்பமானி இருந்தது. சட்டி இல்லை.

வினோதா குடத்தோடு உள்ளே வந்தபோது அவர் அடுப்போரம் குந்தியிருந்தார். கம்பிளியை விலக்கி, வெப்பமானியைச் சட்டிக்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாப்பது" என்றார்.

அவள் குடத்தை இறக்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"நீங்க மொத நாள் கரண்டியோட குதிச்சீங்களே. அன்னைக்கிருந்து."

"நான் குதிக்கல."

"குதிச்சீங்க."

மாஸ்டர் கம்பிளியைத் திரும்பவும் ஒழுங்காகச் சுற்றினார். அதைப் பார்த்தபோதுதான் வினோதாவுக்கு அழுகை வந்தது. கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள்.

"ஊரெல்லாம் சிரிக்கும்" என்றார் மெதுவாக.

"சிரிக்காது. இந்தச் சட்டி மத்தியானத்துக்குள்ள உறைஞ்சிரும். நாளைக்கு அப்படியே பையில கொண்டுபோங்க. அங்க ஊத்துற சட்டிய யாரும் பாக்காத நேரம் மாத்தி வச்சிருங்க. ரெண்டும் ஒரே சட்டிதான். யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். வெப்பமானியை மறுபடியும் மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வினோதா உறைந்த சட்டியை வாழையிலை வைத்துக் கட்டி அவர் பைக்குள் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். எடுத்து வெளியே வைக்கவில்லை. கம்பிளியையும் மடித்துத் தரச் சொன்னார். கொடுத்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. அவர் பஸ் ஏறினதும் மீனம்மாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் அவளும் ஏறினாள்.

ஆய்வுகூடத்தில் இடமில்லை. பெற்றோர் வாசல் வரை நின்றார்கள். சரிபுதீன் நானா கடையை மகனிடம் விட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளியே பனி இறங்கி, ஜன்னலுக்கு அப்பால் தேயிலை தெரியவில்லை. வினோதா கதவோரம், ஒரு உயரமான அம்மாவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

மாஸ்டர் பாலில் உறை ஊற்றிச் சட்டியை ஜன்னலில் வைத்தார். கைதட்டினார்கள். பிறகு பைக்குள் கை விட்டார். கட்டின சட்டியைத் தொட்ட கை அங்கேயே சற்று நேரம் நின்றது. வினோதா சேலை முந்தானையை விரலில் சுற்றினாள்.

கை சட்டியோடு வெளியே வந்து, எல்லாரும் பார்க்க மேசையில் வைத்தது.

"இது எங்க வீட்டுத் தயிர்" என்றார். "நீங்க எல்லாரும் உறை வாங்கிட்டுப் போனது இதுலதான். இது ஜன்னல்ல உறைஞ்சதில்ல. அடுப்போரம், கம்பிளிக்குள்ள உறைஞ்சது. எனக்கே நேத்துத்தான் தெரியும்."

முன்வரிசையிலிருந்து, "அப்ப என்ட பிரிட்ஜுல பிழை இல்ல!" என்ற குரல் வந்தது. ஆய்வுகூடம் இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தது. பாட ஆலோசகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேடம் கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார்.

மாஸ்டரின் முகம் சுருங்கத் தொடங்கியது. வினோதா பார்த்துக்கொண்டிருந்தாள். சுருங்கி, பாதியில் நின்றது.

"பிரிட்ஜுகிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க நானா" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் பாடம். இன்னொரு சட்டியில் அதே பாலை மிதமாகச் சூடு காட்டி, அதே உறையை ஊற்றி, சுடுதண்ணீர்ப் போத்தல்களோடு ஒரு பெட்டிக்குள் வைத்து, கம்பிளியால் சுற்றினார். கூட்டம் முடிந்து திறந்தபோது கம்பிளிச் சட்டி உறைந்திருந்தது. ஜன்னல் சட்டி பாலாகவே ஆடியது. கரும்பலகையில் இரட்டை லயம் வரைந்தார், நேர்வால் வரைந்தார், வளைந்த வால் வரைந்தார்.

"குளிருல பக்டீரியா வாலை மாத்திக்கும், அது பொய்யில்ல. தோல் வெறைக்காம உசுரக் காப்பாத்திக்கும். ஆனா பாலை உறைய வைக்கிற வேலை வேற. அதுக்குச் சூடு வேணும். நான் ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுட்டேன்."

தனுஷிகா எழுந்தாள். "அப்பன்னா சுவெட்டரப் போட்டுக்கிட்டு வீட்டுலயே இருந்துட்டாங்க, பெரட்டுக்கு வரலன்னு சொல்லுங்க, சேர்."

காலையில் பெரட்டுக்குப் போய் மலைவேலைக்குப் பேர் கொடுக்கிறவர்கள் நிறைந்த கூட்டம் அது. முதல் தடவையைவிடப் பெரிதாகச் சிரித்தது. மாஸ்டர் அந்த வசனத்தைக் கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டார். பிறகு வீட்டுத் தயிரை மேடம் சோற்றோடு எல்லாருக்கும் பகிர்ந்தார். பாட ஆலோசகர் இரண்டாவது தடவையும் வாங்கினார்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். நோர்வூட் பக்கம் போகிற ஒருவர் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "சேர், பெரட்டுக்கு வரலையாமே?" என்றார். செய்தி அவர்களுக்கு முன்பே பஸ் ஏறியிருந்தது.

"வரலைங்க" என்றார் மாஸ்டர். திரும்பி, ஏன் வரவில்லை என்று விளக்க ஆரம்பித்தார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொள்ள நேரமிருக்கவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் மாஸ்டர் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார். ஜன்னல் சட்டியை ஆய்வுகூடத்திலேயே மறந்துவிட்டிருந்தார்களாம். சட்டியை மேசையில் வைத்தார். வினோதா சாய்த்தாள். ஆடவில்லை.

"அத்தனை வளைவுலயும் பஸ்ல ஒரு சொட்டுச் சிந்தல" என்றார்.

அவள் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணியது. "புளிப்பு... ஒரு பழஞ்சாக்கு வாசம் வேற."

"ஆனா உறைஞ்சிருக்கு."

"உறைஞ்சிருக்குங்க."

"வாலை வளைச்சதாலதான் உறைஞ்சுதுன்னு சொல்ல ஏலாது. சும்மா மெதுவா வேலை செஞ்சிருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கணும்னா பக்கத்துலயே புது யோகட்ல உறை ஊத்தின ஒரு சட்டி..." நிறுத்தினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

வினோதா எழுந்து போய் அடுப்போரத்தைத் துடைத்தாள். ஜன்னல் பலகையையும் துடைத்தாள்.

"அடுப்போரம் என் சட்டி. அதத் தொடக் கூடாது. ஜன்னல் உங்களுக்கு. நீங்க அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருங்க, நான் இந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "அதேதான் வினோதா! முதுகோட முதுகு! நடுவுல..."

"நடுவுல சுவர் இருக்குங்க" என்றாள். "போய்க் கால் கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."